கோரல் ஆலையும் கப்பலும்: தூத்துக்குடி வேலைநிறுத்தம் (1908) பற்றிய ஒரு நோக்கு

பஞ்சாலை நகரம் என்றதும் நமது கல்விமான்களின் மனக்கண்முன் தோன்றுவது லங்காஷயரே. அதற்குக் காரணம் உண்டு. மான்செஸ்ரர் நகரத்துத் தொழிலாளரின் வாழ்வை ஏங்கெல்ஸ் 1845இல் நூலாக்கினார். பிறெஸ்ரன் நகரத்து ஆலைத் தொழிலாளரின் 1853-54ஆம் ஆண்டுப் போராட்டம்பற்றி மாக்ஸ் பத்திரிகைகளில் எழுதினார். அந்நகருக்கு நேரிற் சென்று வந்த டிக்கன்ஸ் அதே 1854இல் ‘கடினமான காலங்கள்’ எனும் நாவலை வெளியிட்டார். யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் பயின்றோருக்கு அந்நாவலின் புகைபடிந்த கற்பனை நகரம் நன்கு பழக்கமானது. மன்னார்க் குடாவின் மறுகரையிலுள்ள தூத்துக்குடியின் ஆலை அந்த அளவுக்குப் பழக்கமானதன்று.

லங்காஷயருக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலான உறவு வெறும் ஒப்புமை உறவன்று. அது பொருளாதார உறவாகும். அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861-65) காரணமாக லங்காஷயரின் ஆலைகள் பஞ்சின்றித் தவித்தபொழுது இந்தியப் பருத்திக்கான தேவை பெருகிற்று. திருநெல்வேலிக் கரிசல் நிலத்துப் பருத்தி தூத்துக்குடித் துறைமுகத்தினூடாகவே வெளியேறிற்று. 1870களின் நடுப்பகுதியில் புகையிரதப் பாதை துறைமுகத்தை எட்டியதும் இப்போக்கு வலுப்பெற்றது. பருத்தியை ஏற்றுமதி செய்வதிலும் பார்க்க, விளையும் இடத்திலேயே மலிவான கூலிக்கு நூலாக நூற்பது இலாபகரமானது என்பதை ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த ஹார்வி சகோதரர் கண்டுகொண்டனர். 1880களில், பாபநாசத்தில் தாமிரபரணியின் நீர்விசையைக் கொண்டு ஓர் ஆலையும் தூத்துக்குடியிற் கோரல் ஆலையும் எழுந்தன. 1892இல் மதுரை ஆலை தொடங்கிற்று. கரிசல், நதி, துறைமுகம் ஆகிய மூன்றும் இவ்வாறு ஒரே நிறுவனத்தின் பிடிக்குள் வந்தன.

அந்நிறுவனமே பிரித்தானிய இந்தியக் கப்பற் கம்பனியின் தூத்துக்குடி முகவராகவும் விளங்கிற்று என்பது இங்கு பெரிதும் மனங்கொளத்தக்கது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே கடல்வழிப் போக்குவரத்தில் ஏகபோகம் செலுத்திய கம்பனி அது. 1906 ஒக்ரோபரில் வ. உ. சிதம்பரம்பிள்ளை சுதேசிக் கப்பற் கம்பனியைப் பதிவு செய்தபொழுது அவர் எதிர்கொண்ட பகைவரும், 1908 பெப்ரவரியில் கோரல் ஆலைத் தொழிலாளர் எதிர்கொண்ட முதலாளியும் ஒருவரே. கப்பலையும் ஆலையையும் இரு வேறு அத்தியாயங்களாகப் பிரித்தெழுதும் வரலாற்றாசிரியர் இந்த இணைப்பையே தவறவிடுகின்றனர்.

1908 பெப்ரவரி 27ஆம் திகதி ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் வேலையை நிறுத்தினர். கூலி உயர்வு, வாராந்த ஓய்வுநாள் முதலியன அவர்தம் கோரிக்கைகள். வ. உ. சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூட்டங்களிற் பேசினர். நகர மக்கள் ஆதரவு நல்கினர். பத்து நாட்களுக்குள் நிர்வாகம் பணிந்தது. கூலி உயர்ந்தது, வேலைநேரம் குறைந்தது, ஞாயிறு ஓய்வுநாளாயிற்று. கல்கத்தாவில் அரவிந்தரின் ‘வந்தே மாதரம்’ இதழ் இவ்வெற்றியைப் பாராட்டி எழுதிற்று.

ஆயின் நாம் அதனிலும் முக்கியமானதாகக் கருதுவது அடுத்து நிகழ்ந்ததையே. மார்ச் 12ஆம் திகதி தலைவர்கள் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். தூத்துக்குடியில், கேட்ட கூலியைச் சில நாட்களுக்கு முன்னரே பெற்றுவிட்ட கோரல் ஆலைத் தொழிலாளர் மீண்டும் வேலையை நிறுத்தினர். இம்முறை அவர்களுக்கெனக் கோரிக்கை எதுவும் இருக்கவில்லை. நகரசுத்தித் தொழிலாளர், குதிரைவண்டியோட்டிகள், முடிதிருத்துவோர் ஆகியோரும் உடன் நின்றனர். திலகருக்கு விதிக்கப்பட்ட தண்டனையை எதிர்த்துப் பம்பாய் ஆலைத் தொழிலாளர் 1908 யூலையில் நடத்திய வேலைநிறுத்தத்தை, இந்தியப் பாட்டாளி வர்க்கம் அரசியல் முதிர்ச்சி அடைந்தமைக்குச் சான்றாக லெனின் அடுத்த மாதமே எடுத்துக்காட்டினார். அதற்கு நான்கு மாதங்கள் முன்னதாகவே ஒரு சிறு துறைமுக நகரில் அத்தகைய அரசியல் வேலைநிறுத்தம் நிகழ்ந்துவிட்டது. அதுபற்றிய செய்தி லெனினை எட்டியிருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று கேட்பது வரலாற்று மாணவனுக்கு உரியதன்றெனினும், அவ்வெண்ணத்தைத் தவிர்க்க முடியவில்லை.

இவ்வேலைநிறுத்தத்தை மிகைப்படுத்தலும் ஆகாது. அதிலிருந்து நிலையான தொழிற்சங்கம் எதுவும் உருவாகவில்லை. அதற்குச் சென்னைத் தொழிற்சங்கம் தோன்றிய 1918 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தேசியவாதிகளும் தொழிலாளரும் ஒன்றிணைய முடிந்தமைக்கு முதலாளி வெள்ளையன் என்பது ஒரு பிரதான காரணமாகும். ஆலை உடைமையாளன் தமிழனாக இருந்திருப்பின், சுதேசிக் கம்பனியிற் பங்கு வாங்கிய வணிகர் எப்பக்கம் நின்றிருப்பர்? பின்னாளில் இந்திய முதலாளிகளின் ஆலைகளில் நிகழ்ந்த போராட்டங்கள் இவ்வினாவுக்குப் போதிய விடை தருகின்றன.

நமது குடாநாட்டில் இவ்வினா எழவே இல்லை. பருத்தியைப் பெயரிலேயே சுமந்துநிற்கும் துறை நம்மிடம் உண்டு; ஆனால் ஆலை நகரம் எதுவும் தோன்றவில்லை. 1920களில் யாழ்ப்பாண இளைஞர் காங்கிரசார் கதருடுத்தி, 1927இல் காந்தியையும் வரவழைத்தனர். அவ்வியக்கம் பெரும்பாலும் மாணவர், ஆசிரியர் எல்லைக்குள் நின்றமைக்கு, அதற்குப் பக்கபலமாக நிற்கக்கூடிய ஆலைத் தொழிலாளர் வர்க்கம் இங்கு இல்லாமையும் ஒரு காரணமாகும்.

வ. உ. சி. தமது வாழ்க்கையைச் செய்யுளில் எழுதினார். தமிழுலகம் அவருக்குச் சூட்டிய பெயர் ‘கப்பலோட்டிய தமிழன்’. 1911இற் கலைக்கப்பட்ட கம்பனியின் கப்பல் அப்பெயரில் நிலைபெற்றுவிட, பத்து நாட்களுக்குள் வென்ற தொழிலாளர் அடிக்குறிப்பாயினர். பிறெஸ்ரனுக்கு ஒரு டிக்கன்ஸ் வாய்த்ததுபோலத் தூத்துக்குடிக்கு எவரும் வாய்க்கவில்லை. தொ. மு. சி. ரகுநாதன் 1953இல் ‘பஞ்சும் பசியும்’ எழுதியபொழுது, பாபநாச ஆலைக்கு அண்மையிலுள்ள அம்பாசமுத்திரத்தைக் களமாகக் கொண்டார். ஆயின் அந்நாவலின் மையம் ஆலையன்று. நூலுக்காக ஏங்கிநிற்கும் கைத்தறி நெசவாளரின் வாழ்வே.