நானூற்றுக்கு ஓர் இரங்கல்

மறைந்தவரின் படத்துக்குக் கீழே பிறந்த தேதியும் இறந்த தேதியும் போடுவது வழக்கம். நானூற்றுக்கு இரண்டாவது தேதியைப் போட முடியவில்லை. அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்ற இரு பெரிய பேஸ்பால் லீக்குகளிலும் அது கடைசியாகத் தென்பட்ட நாள் மட்டும் தெரியும்: 1941 செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை, பிலடெல்பியா. அன்று யாரும் துக்கம் கொண்டாடவில்லை. இனி இது வராது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

பேஸ்பாலில் பேட்டரின் சராசரி நம் கிரிக்கெட் சராசரி போன்றதல்ல. மட்டை பிடித்த முறைகளில் எத்தனை முறை பந்தை அடித்து, பிடிபடாமல், ஒரு தளத்தையாவது சேர்ந்தார் என்ற விகிதம் அது. அப்படிச் சேர்வதற்குப் பெயர் ‘ஹிட்’. பந்து வீசும் பிட்ச்சர் தப்பாக வீசியதால் இலவசமாகத் தளம் கிடைத்தால், அது ‘வாக்’; இந்தக் கணக்கில் சேராது. பத்துக்கு மூன்று என்றால் .300, அவர் நல்ல பேட்டர். பத்துக்கு நான்கு என்றால் .400. பேச்சில் புள்ளி உதிர்ந்து நானூறு ஆகிவிடும். பத்தில் ஆறு முறை தோற்றவரை ஏன் தலையில் வைத்துக் கொண்டாட வேண்டும்? பிட்ச்சர் நிற்கும் இடம் 18.4 மீட்டர் தூரத்தில். பந்து வந்து சேர அரை வினாடிகூட ஆகாது. அடிக்க வேண்டிய மட்டையும் உருண்டை, பந்தும் உருண்டை. சரியாக அடித்தாலும், ஓடிப் பிடிக்க ஒன்பது பேர் காத்திருக்கிறார்கள். விளையாட்டுகளில் இதைவிடக் கடினமான வேலை கிடையாது என்று, பிலடெல்பியாவில் அன்று நானூறு அடித்த டெட் வில்லியம்ஸ் வாழ்நாளெல்லாம் சொல்லிவந்தார். அவர் சொன்னால் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நானூறு ஒரு காலத்தில் செல்வாக்கோடு வாழ்ந்த குடும்பம். 1894இல் ஹியூ டஃபி .440 அடித்தார். 1911இல் ஜோ ஜாக்சன் .408 அடித்தும் முதலிடம் கிடைக்கவில்லை; அதே ஆண்டில் டை காப் .420 அடித்திருந்தார். 1922இல் ஜார்ஜ் சிஸ்லர், டை காப், ரோஜர்ஸ் ஹார்ன்ஸ்பி என்று மூன்று பேர் ஒரே சீசனில் நானூற்றைத் தாண்டினார்கள். ஹார்ன்ஸ்பி 1924இல் .424 வரை போனார். 1930இல் பில் டெர்ரி .401. அதன்பின் பத்து சீசன்கள் ஒன்றுமில்லை. கொஞ்சம் இடைவெளி, அவ்வளவுதான் என்று நினைத்திருப்பார்கள்.

பிறகு வந்தார் சான் டியேகோவிலிருந்து ஓர் ஒல்லிப் பையன். தெருவில் நடக்கும்போது, இதோ போகிறான் பார், இவனைப் போல் அடித்தவன் எவனுமில்லை என்று ஜனங்கள் சொல்ல வேண்டும்; வாழ்க்கையில் அவர் கேட்டது அது ஒன்றுதான். அவர்தான் வில்லியம்ஸ். 1939இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியில் சேர்ந்தார். 1941இல் வயது இருபத்து மூன்று.

அந்த சீசனின் கடைசி நாள் காலையில் அவர் 448 முறை மட்டை பிடித்து 179 ஹிட் அடித்திருந்தார். வகுத்தால் .39955. மூன்று இலக்கத்துக்கு முழுமையாக்கினால் .400 என்றே பதிவாகும். அன்று ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள். அணியின் மேலாளர் ஜோ க்ரோனின், வேண்டுமானால் ஆடாமல் உட்கார்ந்துகொள் என்றார். வில்லியம்ஸ் மறுத்தார். முழுமையாக்கிக் கிடைக்கும் நானூறு அவருக்கு நானூறாகப் படவில்லை. முந்தைய இரவு உடைமாற்று அறை உதவியாளரோடு பிலடெல்பியா தெருக்களில் மணிக்கணக்காக நடந்தார். மறுநாள் முதல் ஆட்டத்தில் ஐந்துக்கு நான்கு, அதில் ஒன்று, எல்லாத் தளங்களையும் ஒரே அடியில் சுற்றிவரும் ஹோம் ரன். அப்போதாவது போதும் என்று நிறுத்தியிருக்கலாம். இரண்டாவது ஆட்டமும் ஆடினார்; மூன்றுக்கு இரண்டு. 456 முறை மட்டை பிடித்து 185 ஹிட்: .406.

நமக்கு இங்கே பிராட்மேன் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. 1948இல் ஓவல் மைதானத்தில் கடைசி இன்னிங்ஸில் நான்கே ரன் எடுத்திருந்தால் டெஸ்ட் சராசரி 100. ஹோலிஸின் பந்தில் பூஜ்ஜியத்துக்கு பௌல்டு ஆகி, 99.94இல் நின்றது. பிராட்மேனுக்கு ஆடுவதைத் தவிர வேறு வழியில்லை. வில்லியம்ஸுக்கு வழி இருந்தது; அதை வேண்டாம் என்றார். நானூற்றின் வரலாற்றில் மற்ற எண்களெல்லாம் எனக்கு எண்கள்தான். .406 மட்டும் ஒரு மனிதனின் குணமாகத் தெரிகிறது.

அந்த ஆண்டின் மிகச் சிறந்த வீரர் விருது அவருக்குக் கிடைக்கவில்லை. தொடர்ந்து 56 ஆட்டங்களில் ஹிட் அடித்த ஜோ டிமாஜியோவுக்குப் போனது. அடுத்து யுத்தம் வந்தது. 1943 முதல் மூன்று சீசன்கள் ராணுவ விமானப் பணியில் கழிந்தன. திரும்பி வந்து ஆடினார். கொரியப் போரில் மீண்டும் அழைத்தார்கள். 39 முறை போர்ப் பறப்புகள். அவற்றில் ஒன்றில், 1953இல், தீப்பிடித்த ஜெட்டைச் சக்கரம் இல்லாமல் வயிற்றால் தரையிறக்கி உயிரோடு வெளியே வந்தார். ஒரு பேட்டரின் நல்ல வயதில் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் இப்படிப் போயின. ஆனாலும் 1957இல், முப்பத்தொன்பதை எட்டிய அந்த சீசனில், .388 அடித்தார். இன்னும் ஐந்தே ஐந்து ஹிட். வேகமான கால்கள் இருந்தால் ஐந்து முறை முதல் தளத்துக்கு முந்தியிருக்கலாம். கால்கள் வயதாகிவிட்டன, கண் வயதாகவில்லை.

அதன்பின் நானூற்றின் வாசல்வரை வந்து திரும்பியவர்களைச் சொல்ல வேண்டும். 1977இல் ராட் கேரூ .388. 1980இல் ஜார்ஜ் பிரெட் செப்டம்பர் பாதிக்குப் பிறகும் நானூற்றில் நின்றார், முடிவில் .390. 1994இல் சான் டியேகோ பாட்ரேஸின் டோனி க்வின் .394இல் இருந்தபோது, ஆகஸ்ட் 12 அன்று வீரர்களின் வேலைநிறுத்தம் தொடங்கியது. மீதி சீசன் நடக்கவே இல்லை. க்வின் தொட்டிருப்பாரா என்ற கேள்விக்கு விடை கிடையாது. இந்தப் பட்டியலில் என்னை இன்றும் வருத்துவது அந்த ஆகஸ்ட்தான். 2023இல் லூயிஸ் அராயெஸ் ஜூன் பிற்பகுதியில் நானூற்றில் இருந்தார். முடித்தது .354.

ஏன் செத்தது? இக்காலத்துப் பையன்களுக்கு அந்தத் திறமை இல்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். புதைபடிவ ஆய்வாளரும் பேஸ்பால் பித்தருமான ஸ்டீபன் ஜே கூல்ட், 1996இல் வெளிவந்த ‘ஃபுல் ஹவுஸ்’ நூலில் இதை நேர் எதிராகத் திருப்பினார். மொத்த பேட்டர்களின் சராசரி பல பத்தாண்டுகளாக .260ஐச் சுற்றியே நின்றது. மாறியது இரு ஓரங்களுக்கும் இடையிலான தூரம். பழைய காலத்தில் மோசமான பிட்ச்சர்களும் அரைகுறை ஃபீல்டர்களும் நிறைய இருந்தார்கள். அவர்களுக்கு எதிராக ஒரு மேதை தனித்து உயர முடிந்தது. பயிற்சி கூடியது, ஆள் தேர்வு கூர்மையானது, அடிமட்டம் மேலே வந்தது. மேதைகள் அதே உயரத்தில்தான் நின்றார்கள். அவர்களைச் சுற்றியிருந்த தரை உயர்ந்துவிட்டது. ஆக, நானூற்றின் மறைவு ஆட்டம் முதிர்ந்ததன் அடையாளம். எனக்கு இந்த விளக்கம் ஏற்புடையது. ஆனால் நல்ல காரணத்தால் நேர்ந்த சாவு என்பதால் துக்கம் குறைந்துவிடுமா?

கூல்ட் சொன்ன அந்தத் தரை, ஒரு காலத்தில் செயற்கையாகவே தாழ்த்தி வைக்கப்பட்டிருந்தது. 1941இல் வில்லியம்ஸ் சந்தித்த பிட்ச்சர்களில் ஒரு கறுப்பர்கூட இல்லை. சேட்சல் பெய்ஜ், ஜாஷ் கிப்சன் போன்றவர்கள் நீக்ரோ லீக்குகளில் ஆடிக்கொண்டிருந்தார்கள். தோல் நிறத்தால் பெரிய லீக்குகளின் கதவு அவர்களுக்கு மூடியிருந்தது. கிப்சன் 1947 ஜனவரியில், 35 வயதில் இறந்தார். மூன்று மாதம் கழித்து ஜாக்கி ராபின்சன் அந்தக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார்.

2024 மே மாதம் மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பு நீக்ரோ லீக்குகளின் கணக்குகளைத் தன் அதிகாரபூர்வப் பதிவேட்டில் சேர்த்தது. அதன்படி 1943இல் கிப்சனின் சராசரி .466, ஒரு சீசனின் மிக உயர்ந்த எண். வாழ்நாள் சராசரியிலும் .372உடன் அவரே முதலிடம். டை காப் இரண்டாமிடத்துக்கு இறங்கினார். ஆகவே நானூறு அடித்த கடைசி மனிதர் வில்லியம்ஸ் என்று எண்பது ஆண்டுகளாகச் சொல்லிவந்த வாக்கியத்தை இனி அப்படியே சொல்லக் கூடாது. நீக்ரோ லீக் சீசன்களில் ஆட்டங்கள் குறைவு, அதனால் எண் ஏறும் என்பார்கள். உண்மைதான். குறைந்த ஆட்டங்களை ஆடும்படி அவர்களைத் தள்ளியது யார் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

இதை வில்லியம்ஸே வரவேற்றிருப்பார் என்று நான் நம்புகிறேன். 1966இல் கூப்பர்ஸ்டவுனில் அவரைப் பேஸ்பால் புகழ் மண்டபத்தில் சேர்த்தபோது, தன் ஏற்புரையில் பெய்ஜையும் கிப்சனையும் பெயர் சொல்லி, வாய்ப்பு மறுக்கப்பட்ட இவர்களும் இங்கே இடம்பெற வேண்டும் என்றார். யாரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை. பெய்ஜுக்கு 1971இலும் கிப்சனுக்கு 1972இலும் இடம் கிடைத்தது.

வில்லியம்ஸ் விட்டுச்சென்ற பாடம் ஒன்று உண்டு. பதின்வயதில் ஹார்ன்ஸ்பியிடமிருந்து அவர் வாங்கியது: அடிக்கத் தகுந்த பந்துக்காகக் காத்திரு. பிற்காலத்தில் எழுதிய ‘தி சயின்ஸ் ஆஃப் ஹிட்டிங்’ நூலில் பேட்டர் அடித்தாக வேண்டிய பரப்பான ஸ்ட்ரைக் எல்லையை 77 பந்துகளாகப் பிரித்து, எந்தப் பந்தை அடித்தால் தன் சராசரி எவ்வளவு என்று படமாகவே போட்டார். நடுவில் வருவது .400, கீழே வெளி ஓரத்தில் வருவது .230. தன் பலவீனத்தை அவர் அளவுக்கு அளந்து அச்சில் போட்ட வீரர் வேறு யார்? மட்டையைச் சற்று மேல்நோக்கி வீசு, வாக் கிடைத்தால் மரியாதையாக வாங்கிக்கொள் என்பவையும் அவர் பாடத்தில் அடங்கும். 1941இல் அவர் வாங்கிய வாக் மட்டும் 147.

இன்றைய அணிகளின் புள்ளிவிவர ஆய்வாளர்கள் சொல்வதும் இதேதான்: பொறு, மேல்நோக்கி வீசு, வாக் வாங்கு, ஹோம் ரன் அடி. பேட்டிங் சராசரியை அவர்கள் ஏறக்குறைய ஒதுக்கிவிட்டார்கள். அந்த வகையில் இன்று மட்டை பிடிக்கும் ஒவ்வொருவரும் வில்லியம்ஸின் மாணவர். ஆனால் பாதிப் பாடத்தோடு பள்ளியை விட்டுப் போன மாணவர். இரண்டு ஸ்ட்ரைக் விழுந்தபின் (மூன்றாவது விழுந்தால் ஸ்ட்ரைக்அவுட், அதாவது ஆட்டமிழப்பு) மட்டையைச் சற்று மேலே பிடித்து, வீச்சைச் சுருக்கி, எப்படியாவது பந்தைத் தொடு என்பது அதே நூலின் மறுபாதி. 1941 முழுவதும் அவர் 37 ஹோம் ரன் அடித்தார். ஸ்ட்ரைக்அவுட் ஆனது 27 முறை மட்டுமே. இன்று அத்தனை ஹோம் ரன் அடிப்பவர் நூறு தடவைக்கு மேல் ஸ்ட்ரைக்அவுட் ஆவது சாதாரணம். 2018இல் மேஜர் லீக் வரலாற்றிலேயே முதல்முறையாக மொத்த ஹிட்களைவிட மொத்த ஸ்ட்ரைக்அவுட்கள் அதிகமாயின. பந்தையே தொடாதவருக்கு நானூறு எங்கிருந்து வரும்?

நானூற்றை உயிர்ப்பிக்க விதிகளை வளைக்க வேண்டாம். 1969இல் பிட்ச்சர் நிற்கும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள். 2023இல் ஃபீல்டர்களை ஒரே பக்கம் குவிப்பதற்குத் தடை போட்டார்கள். இரண்டுமே பேட்டருக்குத் தந்த சலுகைகள், இரண்டும் போதவில்லை. சலுகையில் வரும் நானூறு, அந்த ஞாயிறு காலையில் வில்லியம்ஸ் வேண்டாம் என்று தள்ளிய .39955ஐவிட மலிவானது. இளம் பேட்டர்களுக்குச் சொல்லித்தரும் பயிற்சியாளர்களே, அந்த நூலின் மறுபாதியையும் சொல்லிக்கொடுங்கள்.