குழந்தை மையங்களில் கல்நார்க் கூரை: பாதிப்பும் சட்ட வழிகளும்

கல்நார் என்பது பாறையிலிருந்து வெட்டி எடுக்கப்படும், பஞ்சுபோல நாராகப் பிரியும் ஒரு கனிமம். தீப்பிடிக்காது, மக்காது, விலையும் குறைவு. இந்தியாவில் அது பெரும்பாலும் சிமெண்டோடு கலந்து நெளிவுத் தகடாக மக்களிடம் வந்து சேர்கிறது. தகட்டின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வெள்ளைக் கல்நார். மீதி சிமெண்டும் சாம்பலும். பேச்சு வழக்கில் இதுவே ஆஸ்பெஸ்டாஸ் சீட், சிமெண்ட் சீட். ஆரணி போன்ற பட்டு நெசவு ஊர்களில் தறிக்கூடம், வீட்டின் பின்கட்டு, மாட்டுக்கொட்டகை ஆகியவற்றின் மேல் காணப்படும் இந்தக் கூரை, அப்படிப்பட்ட கட்டடங்களில் வாடகைக்கு நடக்கும் பால்வாடி என்னும் குழந்தை மையத்தின் மேலும் இருப்பதில் வியப்பில்லை.

அங்கன்வாடி மையங்களை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. 1982 ஜூலை 1 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். தொடங்கிவைத்த சத்துணவுத் திட்டத்தால் ஊர்தோறும் குழந்தை மையங்கள் பெருகின. தமிழ்நாட்டில் இன்று 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. இவை எல்லாம் ஒரே காலத்தில், ஒரே வரைபடத்தில் எழுந்தவை அல்ல. ஊராட்சிக் கட்டடம், பொதுக்கூடம், வாடகை வீடு என்று கிடைத்த இடத்தில் நடந்து வந்தவை.

கூரை மாறியதற்குத் தனி வரலாறு உண்டு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையல்கூடத்தில் பிடித்த தீ, வகுப்பறையின் கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளின் உயிரைப் பறித்தது. அதன் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு ஆணையிட்டது. காங்கிரீட் போடப் பணமில்லாத இடங்களில் தகரமும் சிமெண்ட் சீட்டும் ஏறின. தீயைப் பொறுத்தவரை அது சரியான மாற்றமே. நெருப்பு அன்றே கொல்லும், நார் நாற்பது ஆண்டு கழித்துக் கொல்லும் என்ற வேறுபாடு அப்போது யார் கணக்கிலும் வரவில்லை.

முழுதாக, அசையாமல் கிடக்கும் சீட்டிலிருந்து வெளிவரும் நார் மிகக் குறைவு. சீட்டைப் பொருத்தும் ஜே போல்ட்டுக்காகத் துளையிடும்போதும், மின்ரம்பத்தால் அறுக்கும்போதும், உடைக்கும்போதும்தான் நார்த்தூசி அதிகமாகப் பறக்கும். வெயிலும் மழையும் மேல்பரப்பின் சிமெண்டை அரிக்க அரிக்க, பழைய சீட்டு தானாகவே நாரை உதிர்க்கத் தொடங்கும். வெள்ளையடிப்பதற்கு முன் பாசியைக் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுப்பது மிக மோசமான பழக்கங்களில் ஒன்று. உடைந்த துண்டுகளை வாசல் பள்ளத்தில் கொட்டி மிதித்துச் சமன்செய்வதும் அதே வகை. குழந்தைகள் விளையாடும் மண்ணிலேயே நார் கலந்துவிடுகிறது.

நுரையீரலில் படிந்த நாரை உடலால் எளிதில் வெளியேற்ற முடியாது. நுரையீரல் தழும்பேறி மூச்சு முட்டும் கல்நார் நோய், நுரையீரல் புற்று, நுரையீரல் உறையில் தோன்றும் மீசோதீலியோமா என்னும் புற்று ஆகியவை இதனால் வருபவை. எல்லா வகைக் கல்நாரும் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. நாரை மூச்சில் வாங்கியதற்கும் நோய் தெரிவதற்கும் இடையில் 10 முதல் 50 ஆண்டுகள் வரை ஆகலாம். அத்தனை ஆண்டுகள் எதிரே இருப்பது குழந்தைக்குத்தான். பிரிட்டன் அரசின் புற்றுநோய் ஆலோசனைக் குழு 2013இல் வெளியிட்ட கணிப்பின்படி, ஒரே அளவு நாரை 5 வயதில் சுவாசிக்கத் தொடங்கியவருக்கு, 30 வயதில் தொடங்கியவரைவிட மீசோதீலியோமா வரும் வாய்ப்பு வாழ்நாளில் ஏறத்தாழ ஐந்து மடங்கு.

இந்தியாவில் கல்நார்ச் சுரங்கங்களுக்குப் புதிய குத்தகை தருவது 1986இல் நிறுத்தப்பட்டது. இறக்குமதிக்கும் சீட்டு உற்பத்திக்கும் தடை இல்லை. தடை கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் தள்ளுபடி செய்தது. அண்டை நாடான இலங்கை 2018 முதல் தடைவிதிக்க முடிவுசெய்தது. 2017 டிசம்பரில் இலங்கைத் தேயிலையில் வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா அதன் இறக்குமதியை நிறுத்த, இலங்கை அந்த முடிவிலிருந்து பின்வாங்கியது. கல்நாரை அதிகம் தோண்டும் நாடு ரஷ்யா.

இந்தியச் சட்டம் கல்நாரைத் தொழிலாளியின் சிக்கலாக மட்டுமே பார்த்துப் பழகியது. நுகர்வோர் கல்வி ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கில் 1995 ஜனவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பே அடிப்படை. தொழிலாளியின் உடல்நலம் அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று அது கூறியது. நோய் உறுதியானவருக்கு ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும், உடல்நலப் பதிவேடுகளை வேலை தொடங்கியதிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது ஓய்வுக்குப் பின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை காக்கவும் ஆணையிட்டது. அந்தக் கட்டளை தொழிற்சாலைக்கு உரியது. பால்வாடி வருகைப் பதிவேட்டுக்கு அது எட்டாது.

மையத்தில் வேலை செய்யும் பணியாளருக்கும் உதவியாளருக்கும் ஓரளவு வழி உண்டு. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டமும், 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் கல்நார் நோய்களைத் தொழில்நோய்ப் பட்டியலில் வைத்துள்ளன. மதிப்பூதியம் பெறுபவர் 'தொழிலாளி' ஆவாரா என்பதே அங்கே முதல் தடை. அங்கன்வாடிப் பணியாளருக்குப் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கூறியது அவர்கள் பக்கத்து வாதத்துக்கு வலு சேர்க்கிறது.

குழந்தைக்கு அப்படித் தனிப் பட்டியல் எதுவும் இல்லை. பொதுச் சட்டத்தையே நாட வேண்டும். கவனக்குறைவுக்காக உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்கலாம். காலவரையறைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு சிறாருக்குச் சலுகை தருகிறது: 18 வயது நிறைந்த பிறகே காலம் எண்ணப்படும். ஆனால் நோய் 45 வயதில் வந்தால் அந்தச் சலுகை பயன்படாது. நோய் தெரிந்த நாளே வழக்குரிமை பிறந்த நாள் என்று வாதாட வேண்டிவரும். சென்னையில் தென்மண்டல அமர்வு உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கோர, காரணம் முதலில் எழுந்ததிலிருந்து ஐந்து ஆண்டுகளே கால எல்லை. எந்தக் கூரையின் நார் என்று காட்டுவது இதைவிடக் கடினம், வீட்டிலும் அதே சீட்டு இருக்கும்போது.

நார் எங்கிருந்து வந்தது என்று காட்டும் இந்தத் தடையை இங்கிலாந்தில் ஒரு வழக்கு தாண்டியது. லிவர்பூல் அருகே பள்ளியில் படித்த டயான் வில்மோர், அங்கே நாரைச் சுவாசித்ததால் மீசோதீலியோமா வந்தது என்று வழக்காடினார். அவர் 2009இல் இறந்துவிட்டார். சிறிய அளவு நாரே ஆனாலும் அது ஆபத்தைக் குறிப்பிடத்தக்க வகையில் கூட்டியிருந்தால் போதும் என்று 2011 மார்ச்சில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்று, 2,40,000 பவுண்டு இழப்பீட்டை உறுதிசெய்தது. இந்திய நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது, வாதத்தில் எடுத்துக்காட்டலாம்.

நோய் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வழியே நடைமுறையில் வலுவானது. அரசமைப்புச் சட்டத்தின் 226ஆம் பிரிவின்கீழ் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்து, சிதைந்த கூரையை மாற்ற உத்தரவு கேட்கலாம். அரசின் தவறால் அடிப்படை உரிமை பறிபோனால் ரிட் மனுவிலேயே இழப்பீடும் தரலாம் என்பது 1993ஆம் ஆண்டின் நீலாபதி பெஹெரா வழக்கிலிருந்து நிலைத்த கொள்கை. மாநிலக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்திலும் முறையிடலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் கிடைக்க 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் வழி செய்கிறது. ஆரணி வட்டத்தினர் திருவண்ணாமலை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

எந்த வழியானாலும் சான்று வேண்டும். கல்நார் கலக்காத சீட்டும் பார்வைக்கு அப்படியே இருப்பதால், ஆய்வகத்தில் நுண்ணோக்கியால் பார்த்துத்தான் உறுதிசெய்ய முடியும். கட்டடம் எழுந்த ஆண்டு, கூரை வேய்ந்த ஒப்பந்தம், பழுதுபார்த்த செலவுச் சீட்டு ஆகியவற்றைப் பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்டு வாங்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். தேதியோடு எடுத்த படமும் குழந்தை மையத்தில் சேர்ந்து விலகிய நாட்களின் நகலும் பெற்றோரிடமே இருப்பது நல்லது.

கூரையை அகற்றும் நாள்தான் மிக ஆபத்தான நாள். குழந்தைகள் அங்கே இருக்கக் கூடாது. சீட்டை நன்றாக நனைத்து, போல்ட்டைக் கழற்றி, உடைக்காமல் முழுதாக இறக்க வேண்டும். கல்நார்க் கழிவை அகற்றும் முறைக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1986இலேயே தனித் தரம் வெளியிட்டுள்ளது. இறக்கிய சீட்டை வேறொரு கொட்டகைக்கு விற்பது பரவலான வழக்கம். அப்போது நாரும் புதிய முகவரிக்குப் போகிறது.