கலீல் நகரத்துப் பருப்புச் சூப்



மாரி மழை இன்னும் விட்டபாடில்லை. இந்தக் குளிருக்கு நம்மில் பல வீடுகளில் பின்னேரம் சூப்தான். கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு, கூடவே ஒரு பிடி மைசூர் பருப்பு. இதே பருப்பையும் மரக்கறியையும் போட்டு இதே குளிருக்குச் சூப் வைக்கும் இன்னொரு ஊர் பலஸ்தீனத்தில் இருக்கிறது. அந்த ஊரின் கதையை இன்று எழுதுகிறோம்.

ஹெப்ரோன். அறபியில் அல் கலீல். நபி இப்றாஹீம் (அலை) அவர்களின் பட்டப்பெயரே அந்த ஊரின் பெயர். நுவரெலியாவின் பாதி உயரத்தில்தான் இருக்கிறது, ஆனால் சில வருடங்களில் அங்கே பனி விழுந்து தெருவே வெள்ளையாகிவிடும். அந்த நாட்களில் வீடுகளில் பருப்பு, வெங்காயம், கரட் எல்லாவற்றையும் நன்றாக அவியவிட்டு, மசித்து, நற்சீரகத் தூள் போட்டு, மேலே ஒலிவ் எண்ணெய் விட்டு, எலுமிச்சை பிழிந்து ரொட்டியோடு குடிக்கிறார்கள். பருப்புக்கு அவர்கள் சொல்வது ‘அதஸ்’. சூரா அல்பகராவின் 61ஆம் வசனத்தில் பனூ இஸ்ராயீலர்கள் வெங்காயத்தோடு சேர்த்துக் கேட்டார்களே, அதே சொல்.

வீட்டுக்குள் மட்டும் இருந்த உணவல்ல இது. கி.பி. 985 அளவில் அல்முகத்தஸீ என்ற புவியியலாளர் எழுதி வைத்திருக்கிறார். அவர் பைத்துல் முகத்தஸிலேயே பிறந்தவர். கலீலில் எப்போதும் திறந்திருக்கும் ஒரு விருந்தினர் மடம் இருந்தது. அதற்கென்று சமையற்காரர், ரொட்டி சுடுபவர், வேலையாட்கள். வரும் ஏழைகளுக்கு ஒலிவ் எண்ணெய் சேர்த்த பருப்பு கிடைக்கும். பணக்காரர் வந்து கேட்டாலும் கிடைக்கும். அறுபது வருடங்களுக்குப் பிறகு, 1047இல், பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரவ் அங்கே போனபோதும் அடுப்பு அணையவில்லை. ஆளுக்கு ஒரு வட்ட ரொட்டி, ஒரு கிண்ணம் பருப்பு, கொஞ்சம் உலர்ந்த முந்திரிகைப் பழம். சில நாட்களில் ஐந்நூறு பேர் வரை வருவார்கள் என்கிறார்.

இது எப்படி இத்தனை காலம் நடந்தது? ஊர் மக்களைக் கேட்டால் நபி இப்றாஹீமின் விருந்து அன்றிலிருந்து அப்படியே தொடர்கிறது என்பார்கள். நாஸிர் குஸ்ரவும் அதையே கேட்டு எழுதினார். ஆனால் அல்முகத்தஸீ ஊர்க்காரர் அல்லவா, விடவில்லை. மக்கள் அப்படி நினைக்கிறார்கள், உண்மையில் இது ஸஹாபி தமீமுத் தாரி (ரழி) அவர்களும் வேறு சிலரும் செய்த வக்பிலிருந்து வருகிறது என்று எழுதிவிட்டார். தன் கருத்துக்கு அதைச் சாப்பிடாமல் தவிர்ப்பதே நல்லது என்றும் சேர்த்துக்கொண்டார். பேணுதலான மனிதர்! வரலாறு படிப்பிக்கும் நமக்கு அவரை மிகவும் பிடிக்கும். கதை அழகாக இருந்தாலும், செலவு யாருடைய காணியிலிருந்து வருகிறது என்று பார்த்தவர் அவர்.

அந்தக் கேள்விக்கு முழு விடையும் கிடைப்பது பக்கத்து நகரமான பைத்துல் முகத்தஸில். 1552இல் அங்கே சுல்தான் சுலைமானின் மனைவி ஹுர்ரம் ஒரு பெரிய பொதுச் சமையலறையைத் திறந்தார். துருக்கித் தொடர்களில் அரண்மனைச் சூழ்ச்சிக்காரியாகவே காட்டப்படும் அந்தப் பெண்தான். சிறுவயதில் பிடிக்கப்பட்டு அடிமையாக விற்கப்பட்டவர் என்பதையும் மறக்கக்கூடாது. அவருடைய வக்பு உறுதியில் சமையற்குறிப்பே இருக்கிறது எனலாம். காலையில் அரிசிச் சூப், மாலையில் கோதுமைச் சூப், இரண்டிலும் கொண்டைக்கடலை, வெங்காயம், உப்பு, பருவத்துக்குக் கிடைக்கும் மரக்கறி. எரிக்கும் விறகுக்கும் கணக்கு. ஒவ்வொரு நாளும் நானூறு ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று எண்ணிக்கையும் எழுதப்பட்டிருந்தது. அரிசியிலும் கோதுமையிலும் கல் பொறுக்குவதற்கென்றே ஆட்கள் சம்பளத்துக்கு இருந்தார்கள்.

இதற்கெல்லாம் வருமானம் பெரும்பாலும் ரம்லா பக்கத்துக் கிராமங்களின் விளைச்சலிலிருந்து வந்தது. அதாவது அந்தச் சூப்பில் ராணியின் பெயர் இருந்தாலும் வியர்வை விவசாயிகளுடையது. பொறுப்பாளர்கள் வருடா வருடம் வரவு செலவு எழுதினார்கள். அந்தக் கணக்குப் புத்தகங்கள் பல இன்றும் இருக்கின்றன. நானூற்றைம்பது வருடங்களுக்கு முந்திய ஒரு சமையலறைக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு நெய் வாங்கினார்கள் என்று இன்றைய ஆய்வாளர்கள் சொல்ல முடிவது அதனால்தான்.

அந்த இடத்தை இன்றும் ‘தகிய்யா’ என்றுதான் அழைக்கிறார்கள். தெருவுக்கும் அதே பெயர். நம் ஊர்களில் தக்கியா என்று சின்னப் பள்ளிகளைச் சொல்கிறோமே, அதே சொல் கடல் தாண்டி வந்தது. அங்கும் கலீலிலும் இன்றுவரை சமைக்கிறார்கள். கலீலில் சோதனைச் சாவடிகளைத் தாண்டி, சட்டியோடும் வாளியோடும் சனம் வந்து வாங்கிப் போகிறது. நோன்பு காலத்தில் கூட்டம் பல மடங்கு. அந்தப் படங்களைப் பார்த்தால் அஸருக்குப் பின் நம் பள்ளிவாசலில் கஞ்சிக்கு வாளியோடு நிற்கும் பிள்ளைகள்தான் ஞாபகம் வருவார்கள்.

நம் மூத்தவர்களும் பள்ளிக்கென்று வயலும் தென்னந்தோட்டமும் கடையும் எழுதி வைத்தவர்கள்தான். கஞ்சிச் செலவுக்கென்றே காணி கொடுத்தவர்களும் உண்டு. ஆனால் சில காணிகளுக்கு உறுதி எங்கே என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம். எல்லை தெரிந்த முதியவர்கள் ஒவ்வொருவராக மௌத்தாகிக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் வாப்பாவோ மூத்தவாப்பாவோ பள்ளிக்குக் கொடுத்த காணி பற்றித் தெரிந்தால் கீழே எழுதுங்கள். பழைய உறுதி, வரி ரசீது, பள்ளியின் பழைய கணக்குக் கொப்பி எது வீட்டில் இருந்தாலும் மழை ஈரம் படாமல் எடுத்து வையுங்கள். பிரதி எடுக்க நாம் வருகிறோம். வரும்போது சூப் இருந்தால் சந்தோஷம்.