சிரிப்புக்குப் பின்னால் ஒரு கமிஷன்: விகடன் முதல் மீம் பக்கம் வரை

இன்னைக்கு நாம பேசப்போறது ஒரு சின்ன வியாபாரத்தோட வரலாறு. ஒருத்தர் மீம் போடுறார். பார்க்கிறவர் சிரிக்கிறார். கீழே ‘லிங்க் பயோல இருக்கு’ன்னு ஒரு வரி. அதை அழுத்தி அவர் ஒரு இயர்போன் வாங்கினா, மீம் போட்டவருக்கு ஒரு பங்கு போகுது. இதுக்குப் பேரு அஃபிலியேட் மார்க்கெட்டிங். நம்ம பாஷையில சொன்னா, கடைக்கு ஆள் கூட்டிட்டு வர்றதுக்குக் கமிஷன்.

இதைப் பத்திப் பேச எனக்குக் காரணம் இருக்கு. நான் இருக்கிற படப்பை, வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில இருக்கு. இன்னும் கொஞ்சம் மேற்கே போனா ஒரகடம் சிப்காட். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய், 2006-ல் ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா, 2010-ல் ஒரகடத்துல ரெனோ-நிசான்னு ஒவ்வொண்ணா வந்தப்போ, வெளியூர்ப் பசங்க அறை எடுத்துத் தங்குற ஊரா இது மாறிடுச்சு. அந்த நோக்கியா ஆலை 2014 நவம்பர்ல மூடியும் போச்சு. வேலை நிரந்தரம் இல்லைன்னு இந்தப் பகுதிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 2016 செப்டம்பர்ல ஜியோ வந்து டேட்டா மலிவான பிறகு, ஷிஃப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ்ல உட்கார்ந்தா கையில ரீல்ஸ்தான். அப்படிப் பார்க்கிற ஒப்பந்தத் தொழிலாளி ஒருத்தர் ‘நாமளும் ஒரு மீம் பக்கம் ஆரம்பிச்சா என்ன’ன்னு நினைச்சா, அந்த ஆசையில தப்பு ஒண்ணும் இல்ல. கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: அந்தக் கமிஷன் யார் பையில இருந்து வருது?

கொஞ்சம் பின்னால போவோம். சிரிப்பையும் கமிஷனையும் ஒண்ணா வெச்ச ஆள் தமிழ்ல ரொம்ப முன்னாடியே இருந்தார். 1926-ல் பூதூர் வைத்தியநாத ஐயர் ‘ஆனந்த விகடன்’ பத்திரிகையை ஆரம்பிச்சார். அப்போ சென்னையில எஸ்.எஸ்.வாசன், பத்திரிகைகளுக்கு விளம்பரம் பிடிச்சுக் கொடுக்கிற வேலையும், தபால் மூலமா பொருள் விற்கிற வேலையும் செஞ்சுக்கிட்டிருந்தார். 1928-ல் விகடனையே அவர் வாங்கிட்டார். பேருல இருக்கிற எட்டு எழுத்துக்கு, எழுத்துக்கு 25 ரூபாய் வீதம் 200 ரூபாய்க்கு வாங்கினார்ங்கிற கதையை இன்னைக்கும் சொல்றாங்க. விளம்பரத் தொழில் தெரிஞ்ச ஒருத்தர் நகைச்சுவைப் பத்திரிகையை வாங்கினது தற்செயல்னு எனக்குத் தோணல. சிரிக்க வர்ற கூட்டத்துக்கு முன்னாடி கடை விரிக்கலாம்னு அவருக்குத் தெரிஞ்சிருந்தது. ஆனா ஒரு விஷயம். மாலியோட கேலிச்சித்திரம் ஒரு இடத்துல இருந்தது, தைல விளம்பரம் இன்னொரு இடத்துல இருந்தது. எது ஜோக், எது விளம்பரம்னு வாசகருக்குத் தெரியும்.

கோடு மங்கின இடமும் உண்டு. 1930-கள்ல பரிசுக் குறுக்கெழுத்துப் போட்டிகள் பத்திரிகைகளோட விற்பனையை ஏத்துச்சு, விகடனும் நடத்துச்சு. ‘இது சூதாட்டம்தானே’ங்கிற எதிர்ப்பும் கூடவே வந்தது. கடைசியா 1955-ல் மத்திய அரசு பரிசுப் போட்டிகள் சட்டம் கொண்டு வந்து, மாசத்துக்கு 1,000 ரூபாய்க்கு மேல பரிசு தரக் கூடாதுன்னு கட்டுப்படுத்துச்சு. இதை ஞாபகம் வெச்சுக்குங்க, திரும்ப வருவோம்.

இப்போ அமெரிக்கா. 1989-ல் வில்லியம் டோபின்ங்கிறவர், ப்ராடிஜி என்ற கணினி வலையமைப்புல பூ விற்கிற கடை போட்டார். விற்பனையில ஒரு பங்கு ப்ராடிஜிக்கு. அஃபிலியேட் முறையோட தொடக்கமா இதைத்தான் சொல்றாங்க. 1994-ல் நெட்ஸ்கேப்ல வேலை பார்த்த லூ மோன்டுல்லி ‘குக்கி’யை உருவாக்கினார். யார் எங்கிருந்து வந்தாங்கன்னு கடை நினைவு வெச்சுக்க அதுதான் சீட்டு. 1996 ஜூலையில அமேசான் தன்னோட அசோசியேட்ஸ் திட்டத்தைத் தொடங்கினப்போ, வலைத்தளம் வெச்சிருந்த சாதாரண ஆளும் புத்தகத் தரகராக முடிஞ்சது. 2013 ஜூன்ல அமேசான் இந்தியாவுக்கு வந்தது.

மீம் என்ற சொல் அதைவிடப் பழசு. 1976-ல் உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ், ஆளுக்கு ஆள் நகலாகிப் பரவுற பண்பாட்டுத் துணுக்குக்கு வெச்ச பேர் அது. அவர் சொன்னது என்னன்னு நமக்கு 2019 மே 29, 30 தேதிகள்ல நல்லாப் புரிஞ்சது. ஃபேஸ்புக்ல ஒரு சுத்தியல் படத்தைப் போட்டு ‘உங்க ஊர்ல இதுக்கு என்ன பேர்’னு கேட்டாங்க. ஒரு தமிழர், இது தலையில விழுந்துதான் நேசமணிக்கு அடிபட்டதுன்னு பதில் எழுதினார். 2001-ல் வந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்துல வடிவேலு நடிச்ச பாத்திரம் அது. ‘நேசமணிக்காக வேண்டிக்கொள்ளுங்கள்’ங்கிற ஹேஷ்டேக் ட்விட்டர்ல உலக அளவுல ஓடுச்சு. கம்பெனிகளும் அந்தச் சுத்தியலைப் பிடிச்சுக்கிட்டு விளம்பரம் போட்டாங்க.

இங்கதான் மீமை நம்பி அஃபிலியேட் தொழில் பண்றவங்களுக்கு ஒரு சிக்கல். மீம் பரவுது, லிங்க் பரவறதில்ல. நீங்க போட்ட படத்தை ஒருத்தர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்ல தட்டிவிட்டா, உங்க அடையாள எண் இருக்கிற லிங்க் உங்க பக்கத்துலயே நின்னுடும். லட்சம் பேர் சிரிச்சாலும் லிங்க்கை அழுத்துறவங்க கொஞ்சம்தான். ஒரு கணக்குக்கு, 400 ரூபாய் இயர்போனுக்கு 5 சதவீதம்னு வெச்சுக்குங்க: 20 ரூபாய். 500 பேர் வாங்கினாத்தான் 10,000. அதனால பக்கத்துக்காரர் பேரையும் கோடையும் படத்துலயே பதிக்க ஆரம்பிச்சார். அந்த இடத்தை அதிக விலை கொடுத்து வாங்க வந்தது பந்தய ஆப்கள். மீம் மூலையில, ரீல்ஸ் நடுவுல அவங்க பேர். படம் எங்க போனாலும் பேரும் கூடவே போகும்.

அந்தக் கமிஷன் வேற மாதிரி. இயர்போனுக்கு வர்ற கமிஷனைக் கடைக்காரர் தன் லாபத்துல இருந்து தர்றார். வாங்கினவர் கையில பொருள் இருக்கு. பந்தய ஆப்களோட அஃபிலியேட் திட்டங்கள் பலதுல, நீங்க சேர்த்துவிட்ட ஆள் தோற்கிற பணத்துலதான் உங்க பங்கு. பக்கத்து பெட்ல படுக்கிறவன் உங்க மீமைப் பார்த்துச் சிரிச்சு, சேர்ந்து, சம்பளத்தைத் தோத்தா உங்களுக்கு வருமானம். அவன் ஜெயிச்சா உங்களுக்கு ஒண்ணுமில்ல.

சட்டம் மெதுவா வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டோட ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்துக்கு 2023 ஏப்ரல்ல ஆளுநர் ஒப்புதல் கிடைச்சது. 2024 மார்ச்ல மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம், வெளிநாட்டுப் பந்தயத் தளங்களை விளம்பரம் பண்ணாதீங்கன்னு இன்ஃப்ளூயன்சர்களை எச்சரிச்சது. 2025 ஆகஸ்ட்ல வந்த மத்திய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பண விளையாட்டுகளை விளம்பரம் பண்ணினா 2 வருஷம் வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம்னு சொல்லுது. 1955-ல் குறுக்கெழுத்துக்கு நடந்ததோட பெரிய வடிவம்தான் இது.

நேர்மையான பொருளை விற்கிறவங்களுக்கும் ரெண்டு விஷயம். ஒண்ணு, முகம். அனுமதி இல்லாம தன் பேரையும் உருவத்தையும் பாணியையும் பயன்படுத்தின ஒரு இந்திப் படத்துக்கு எதிரா ரஜினிகாந்த் போட்ட வழக்குல, 2015-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை கொடுத்தது. 2024 மே மாசம் ஜாக்கி ஷெராஃப் வழக்குல டெல்லி உயர் நீதிமன்றம், அவர் முகத்தைப் போட்டுப் பொருள் வித்தவங்களைத் தடுத்துச்சு. ஆனா அவரை வெச்சுக் கேலி வீடியோ போட்டவருக்கு உடனே தடை போட மறுத்துடுச்சு. அதாவது, சிரிக்க வைக்கும்போது இருக்கிற இடம், சரக்கு விற்கும்போது சுருங்கிடும்.

இன்னொண்ணு, சொல்லிடுறது. 2021 ஜூன்ல இருந்து விளம்பரத் தர மன்றத்தோட நெறிமுறை, 2023 ஜனவரியில நுகர்வோர் விவகாரத் துறையோட வழிகாட்டி, ரெண்டும் கேக்கிறது ஒண்ணுதான்: காசு வாங்குறீங்கன்னா பார்க்கிறவருக்குப் புரியிற மொழியில சொல்லுங்க. தமிழ் மீமுக்கு ‘இந்த லிங்க்ல வாங்கினா எனக்குக் கமிஷன் உண்டு’ன்னு ஒரு வரி போதும். விகடன்ல விளம்பரம் தனியாத் தெரிஞ்ச மாதிரி, இதுவும் தெரியட்டும். அந்த வரியை எழுதக் கூச்சமா இருக்கிற பொருளா இருந்தா, அந்த லிங்க்கே வேண்டாம்.

உங்க பகுதியில இப்படிப் பக்கம் நடத்துறவங்க இருந்தா இந்த எபிசோடை அவங்களுக்கு அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.