முடியிழந்த மலைநாடும் கண்டிய தேசிய சபையும்

சரித்திரத்தில் சில கட்சிகள் தோல்வியால் மறைகின்றன. வேறு சில, தாம் கேட்டதைப் பிறர் நிறைவேற்றிவிட்டதால் மறைகின்றன. 1920களின் நடுப்பகுதியில் தோன்றிய கண்டிய தேசிய சபை இரண்டாம் வகையைச் சேர்ந்தது. இன்று அதன் பெயரை அறிந்தோர் சிலரே. ஆயினும் கந்தப்பளையிலும் அட்டனிலும் கொழுந்து கொய்யும் மக்களின் வாழ்வில் அது எழுப்பிய குரலுக்குப் பங்குண்டு.

அச்சபை மன்னனை மீண்டும் அரியணையேற்றக் கேட்கவில்லை. மறைந்துபோன முடியாட்சியைத் தன் உரிமைக்கு ஆதாரமாகக் காட்டிற்று. 1815 மார்ச் 2இல் கண்டிப் பிரதானிகள் ஒப்பந்தம் மூலம் இராச்சியத்தை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தனர். எனவே மலைநாடு தனித் தேசம் என்றும், 1833இல் அதைக் கரைநாட்டுடன் ஒரே நிர்வாகத்தில் பிணைத்தது அநீதி என்றும் சபையினர் வாதாடினர். 1927இல் டொனமூர் ஆணைக்குழுவிடம் மலைநாடு, கரைநாடு, வடகிழக்கு என மூன்று சுயாட்சிப் பகுதிகள் கொண்ட சமஷ்டியைக் கோரினர். தமிழரசுக் கட்சி பிறப்பதற்கு 22 ஆண்டுகளுக்கு முந்திய கோரிக்கை இது! ஆணைக்குழு அதை ஏற்கவில்லை.

ஆனால் அந்த முடி யாருடையது? 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்ட நால்வரும் மதுரை நாயக்கர் வழிவந்தோர். ஒப்பந்தத்தில் பிரதானிகள் சிலர் தமிழ் எழுத்துக் கலந்தே ஒப்பமிட்டனர். 1817இல் மூண்ட கிளர்ச்சியில் அரசுரிமை கோரியவன், தன்னை நாயக்க குலத்துத் துரைசாமி என்று சொல்லிக்கொண்டான், மக்களும் பின்தொடர்ந்தனர். அந்நியன் என்று வெறுத்திருந்தால் அப்பெயர் எதற்கு? மன்னனின் உறவினரையும் ‘மலபாரிகளையும்’ மலைநாட்டிலிருந்து விலக்கி வைத்தது அந்த ஒப்பந்தமே. அதன் மை உலர்ந்து சில ஆண்டுகளுக்குள், கோப்பிப் பயிருக்காக அதே மலைகளுக்குத் தமிழரைக் கொண்டுவந்ததும் அதே ஆங்கில ஆட்சியே.

கண்டிக் குடியானவனின் துயரம் பொய்யன்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உறுதிப்பத்திரம் காட்ட இயலாத காட்டையும் சேனை நிலத்தையும் முடிக்குரியதாக்கிற்று. அந்நிலம் துரைமாருக்கு விற்கப்பட்டது. நியாயமாக எழவேண்டிய சினம் தோட்ட முதலாளித்துவத்தின் மீது எழுந்திருக்க வேண்டும். ஆனால் சபையை நடத்திய பிரபுத்துவ வர்க்கம் அதைத் தொழிலாளியின் வாக்குரிமை மீது திருப்பிற்று. 1931இல் அட்டன் தொகுதியில் பெரி சுந்தரம் அரசாங்க சபைக்குத் தெரிவாகித் தொழில் அமைச்சரானார். அச்சம் மேலும் வளர்ந்தது.

1947இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. நுவரெலியாவில் தொண்டமான் வென்றார். வேறு பல தொகுதிகளில் தோட்ட வாக்குகள் இடதுசாரிகளுக்குத் துணைநின்றன. அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. ஏறத்தாழ 7 லட்சம் மக்கள் நாடற்றவராயினர். தொகுதிகளை வகுக்கும்போது மட்டும் அவர்களின் தலைகள் எண்ணப்பட்டன. அந்த எண்ணிக்கையால் கூடிய ஆசனங்கள் கண்டிப் பகுதிச் சிங்கள வாக்காளருக்குச் சென்றன. சமஷ்டி இல்லாமலே பிரபுக்களின் பயம் தீர்ந்தது. அவர்களின் குறையை ஐக்கிய தேசியக் கட்சியே தீர்த்து வைத்தபின் தனிச்சபை எதற்கு?

குடியானவன் பெற்றது என்ன? 1951இல் வெளிவந்த கண்டிய விவசாயிகள் ஆணைக்குழு அறிக்கை அவனுடைய நிலமின்மையையும் வறுமையையும் விரிவாகப் பதிவுசெய்தது. தொழிலாளியின் வாக்கைப் பறித்ததால் அவனுக்கு ஓர் அங்குல நிலமும் கிடைக்கவில்லை. தொழிலாளியோ 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை பிரஜாவுரிமைக்காகக் காத்திருந்தான்.

1948 பெப்ரவரி 4இல் சுதந்திர இலங்கையில் ஏற்றப்பட்டது ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் சிங்கக்கொடி. வேலூரில் சிறைப்பட்டு 1832இல் மாண்ட அந்த நாயக்க மன்னனின் கொடி பறந்த அதே ஆண்டில், அவன் மொழி பேசிய உழைப்பாளருக்கு நாடில்லை என்று சட்டம் எழுதப்பட்டது. முடியின் பெருமையைப் பேசுவோர் எவராயினும், அப்பேச்சால் யாருடைய நிலம் மீள்கிறது, யாருடைய உரிமை போகிறது என்று கேட்போம். ஒரே மலையில் வறுமையைப் பங்கிட்டுக்கொண்ட குடியானவனும் தொழிலாளியும் சேர்ந்து கேட்கவேண்டிய கேள்வி அது.