பலகையில் இரண்டு நாடு

அலுவலக வேலையாக வாஷிங்டனில் மூன்று மாதம் இருந்தபோது ஒரு எரித்ரிய, எத்தியோப்பிய உணவகத்துக்குப் போனேன். குடும்பமாக நடத்தும் கடை. அப்பா கல்லாவில், அம்மா அடுப்படியில், கல்லூரி படிக்கும் மகள் பரிமாறுகிறாள். பெரிய வட்டத் தட்டில் இன்ஜெராவை விரித்து, மேலே பருப்பு, கீரை, சிவக்கச் சிவக்க ஒரு கறிக்குழம்பு என்று குவியல் குவியலாக வைத்துக் கொண்டுவந்தாள். டெஃப் என்ற சிறுதானிய மாவைச் சில நாள் புளிக்கவைத்துச் சுடுவது. ஒரு பக்கம்தான் வேகும். ஆப்பம் மாதிரி கண் கண்ணாக இருக்கும். புளிப்பு, நம் வீட்டுத் தோசைமாவின் மூன்றாம் நாள் புளிப்பு. ஸ்பூன் கிடையாது. நான் பிய்த்து, குழம்பை வழித்துச் சாப்பிடுவதைப் பார்த்துப் பெரியவர் சிரித்தார். "உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை."

பலகையில் ஏன் இரண்டு நாட்டின் பெயர் என்று கேட்டேன். அவர் அஸ்மாராக்காரர். "நாங்கள் எரித்ரியர்கள்தான். கடை போட்டது 1992இல். அப்போது அப்படி ஒரு நாடே வரைபடத்தில் இல்லை. எத்தியோப்பியா என்று எழுதினால்தான் ஆள் வரும்" என்றார்.

அந்தப் பலகைக்குப் பின்னால் நூறு வருடக் கதை இருக்கிறது. 1890இல் எரித்ரியா இத்தாலியின் காலனி ஆனது. 1941இல் பிரிட்டிஷ்காரர்கள் கைக்கு வந்தது. 1952இல் ஐ.நா. அதை எத்தியோப்பியாவோடு ஒரு கூட்டாட்சியாக இணைத்தது. பத்தே வருடத்தில் பேரரசர் ஹைலே செலாசி கூட்டாட்சியைக் கலைத்துவிட்டு, எரித்ரியாவைத் தன் மாகாணங்களில் ஒன்றாக்கினார். அதற்கு முந்தைய வருடமே, 1961இல், ஆயுதப் போராட்டம் ஆரம்பித்திருந்தது. அது முப்பது வருடம் நீண்டது. 1974இல் பேரரசரைக் கவிழ்த்த ராணுவக் குழுவான 'டெர்க்', எத்தியோப்பியர்களையே ஆயிரக்கணக்கில் கொன்றது. ஆக இரண்டு பக்கத்து ஆட்களும் ஓடினார்கள். பலர் சூடான் எல்லையை நடந்தே கடந்தார்கள். 1991இல் போர் முடிந்து, 1993இல் எரித்ரியா தனி நாடானது. 1998இல் எல்லைத் தகராறில் மறுபடியும் இரண்டு வருடப் போர்.

இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு பெயரும் ஒரே பலகையில் இருக்கின்றன. சாப்பாடு சமாதானம் செய்துவைத்தது என்று சொல்ல ஆசையாக இருக்கும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பலகை மாட்ட அவருக்கு ஒரு சுவர் கிடைத்தது. விஷயம் அதுதான்.

அந்தச் சுவரைக் கொடுத்தது ஒரு சட்டம். அமெரிக்கா 1980இல் அகதிகள் சட்டம் கொண்டுவந்தது. அகதியாகச் சேர்க்கப்பட்டவர் ஒரு வருடத்தில் நிரந்தர வசிப்புரிமைக்கான அட்டைக்கு மனுப் போடலாம்; பிறகு குடிமகனாகவும் ஆகலாம். பெரியவர் வந்தது 1983இல். டாக்ஸி ஓட்டி, கடன் வாங்கி, ஒன்பதாம் வருடம் கடை.

1983 என்றதும் எனக்கு ஆனையூர் ஞாபகம் வந்துவிட்டது. கொழும்பில் ஜூலைக் கலவரம் நடந்து, ஈழத்திலிருந்து படகுகள் ராமேசுவரம் வரத் தொடங்கிய வருடமும் அதுதான்.

மதுரை ஆனையூரில் எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. என் வகுப்பில் ஒருவன் அங்கே பிறந்தவன். அவன் அப்பா அம்மா 1990இல் மன்னாரிலிருந்து படகில் வந்தவர்கள். "நாளைக்கு செக்கிங்" என்று மாதம் ஒருநாள் பள்ளிக்கு வரமாட்டான். மதியம் பிட்டும் சம்பலும் கொண்டுவருவான். நாங்கள் பிடுங்கித் தின்போம். அவன் வீட்டில் உட்கார்ந்து ஒருவேளைகூட நான் சாப்பிட்டதில்லை. முகாமுக்குள் போகாதே என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். நானும் ஏன் என்று கேட்டதில்லை.

மதுரையில் தெருவுக்குத் தெரு சிலோன் பரோட்டா கிடைக்கிறது. ஆனால் ஆனையூரில் 'இலங்கை உணவகம்' என்று ஒரு பலகையை நான் பார்த்ததே இல்லை. பர்மாவிலிருந்து வந்தவர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அறுபதுகளில் அங்கிருந்து திரும்பியவர்களை அரசு 'தாயகம் திரும்பியோர்' என்றது. அவர்களுக்காக 1969இல் சென்னையில் பர்மா பஜார் வந்தது. இன்று அந்தப் பக்கம் போனால் அத்தோ சாப்பிடாமல் வரமுடியாது. ஈழத்திலிருந்து வந்தவர்களுக்கு அந்த வார்த்தை கிடைக்கவில்லை. 1951ஆம் வருட அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. 1987 ஜூலைக்குப் பிறகு இங்கே பிறந்த குழந்தை குடிமகனாக வேண்டுமானால், பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்கவேண்டும். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இல்லை. 2021இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்பதை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. நல்ல பெயர். பலகை மாறியது, சட்டம் மாறவில்லை.

ஊர் திரும்பியதும் அவனுக்குப் போன் போட்டேன். டிகிரி முடித்துவிட்டுப் பெயின்டிங் வேலைக்குப் போகிறான். "வீட்டுக்குச் சாப்பிட வரவாடா?" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "வாடா, இதுக்கெல்லாம் கேட்பியா" என்றான்.

குழல் பிட்டும் சொதியும். தேங்காய்ப்பாலும் பச்சை மிளகாயும் வெந்த வாசம். அமெரிக்கக் கதையைச் சொல்லி, "நீங்களும் ஒரு கடை போடலாமேடா" என்றேன்.

"போடலாம்டா. எவன் பேர்ல இடம் பிடிக்க? பேங்க்ல போய் என்ன பேப்பரைக் காட்ட?"

பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அவன் அம்மா அகப்பையோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னும் கொஞ்சம் சொதி விடட்டோ தம்பி?"

தட்டை நீட்டினேன்.