நூதனசாலைக்குப் போன வகுப்பு

மனோர் பார்க்கில் மகள் படிக்கும் ஆரம்பப் பாடசாலையில் அந்தத் தவணை எகிப்து பற்றிய பாடம். வகுப்பில் களிமண்ணால் பிரமிட் செய்தார்கள். பிறகு பிரித்தானிய நூதனசாலைக்குச் சுற்றுலா. றெஸ்ரோறண்டில் எனக்கு லீவு என்பதால் துணைக்குப் போனேன்.

நூதனசாலைக்குப் போவதையும் பாடசாலை வரவாகக் கணக்கெடுக்கும் வழக்கம் இங்கிலாந்தில் 1890களிலேயே விதியாகிவிட்டது. அன்றிலிருந்து பிள்ளைகள் அங்கே பார்த்துப் படித்தவற்றில் பல, பேரரசு வாரிக்கொண்டு வந்தவை.

மம்மிகளைப் பார்த்துவிட்டு ஆசிய மண்டபத்தால் வரும்போது நின்றுவிட்டேன். பொன்முலாம் பூசிய வெண்கலத் தாரா. 8ஆம் நூற்றாண்டு. உயரம் 143 சென்ரிமீற்றர். மகளைவிட ஒரு சாண் கூட. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் கண்டெடுக்கப்பட்டவள். 1815இல் கண்டியைக் கைப்பற்றியபோது தேசாதிபதியாக இருந்த பிரவுண்றிக், 1830இல் இவளை நூதனசாலைக்குக் கொடுத்தார்.

மகளின் கேள்வித்தாளில் 'எதனால் செய்தது?', 'எந்த நாடு?' என்று இருந்தன. 'எப்படி வந்தது?' என்று இல்லை.

"அப்பா, இவ எங்கட நாடா?"

"ஓம்."

"அப்ப ஏன் இஞ்ச வந்தவ?"

பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டு வந்தவன் நான். என்னைப் பற்றி அப்படிக் கேட்டவர்களுக்கு எத்தனையோ தரம் பதில் சொல்லியிருக்கிறேன்.

"நாங்கள் ஓடி வந்தனாங்கள். இவவைத் தூக்கிக்கொண்டு வந்தவை" என்றேன்.

கேள்வித்தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் அதை எழுதிக்கொண்டாள்.